மூளை எந்தத் தெருவில் இருக்கிறது?

மேளம் மூளைக்கு நல்லது என்று இப்போது ஊரெல்லாம் பேச்சு. மன அழுத்தத்துக்கு மேளம், மறதிக்கு மேளம், கம்பெனி ஊழியர்களின் ஒற்றுமைக்கு மேளம். வட்டமாக நாற்காலி போட்டு, ஆளுக்கொரு ஆப்பிரிக்க மேளத்தை மடியில் கொடுத்து, ஒரு மணிநேரம் தட்டவிட்டுக் காசு வாங்குகிறார்கள். சில இடங்களில் பறையும் அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டது. வரட்டும். யார் தட்டினாலும் தோல் அதிரும். அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை வேறு. இந்தப் பேச்சு முழுக்கக் கேட்கிறவனுடைய மூளையைப் பற்றியே இருக்கிறது. அடிக்கிறவனுடைய மூளை எங்கே போச்சு? கேட்பவனுக்கு நரம்பு உண்டு, நினைவு உண்டு, உணர்ச்சி உண்டு. அடிப்பவனுக்குக் கை மட்டும்தானா? ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் எவ்வளவு விட வேண்டும் என்று கையா முடிவு பண்ணுது? பறையடிக்கிறவனைப் பற்றி எழுத வரும்போது மட்டும் நம் அறிவாளிகள் 'உழைப்பு', 'வலி', 'ஆவேசம்', 'ஆதி லயம்' என்று எழுதுகிறார்கள். 'சிந்தனை' என்று ஒருத்தன் எழுதிப் பார்த்திருக்கீங்களா?

இந்தக் கேள்வியை நம்மூர் சபாக்களிலிருந்து தொடங்கினால், 'வழக்கமான சாதிப் புலம்பல்' என்று ஒதுக்கிவிடுவார்கள். அதனால் அமெரிக்காவிலிருந்து தொடங்குகிறேன். மூளைக்கும் மேளத்துக்கும் உள்ள உறவையே பொருளாக்கிச் செய்த இசை ஒன்று அங்கே இருக்கிறது.

1. கை படாத மேளம்

1965 மே மாதம், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ரோஸ் கலை அருங்காட்சியகம். ஆல்வின் லூசியர் என்ற இசைஞர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார். அவர் மண்டையில் மின்முனைகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. சுற்றிலும் மேளங்கள், தாளத் தட்டுகள், சேகண்டிகள். ஒவ்வொன்றையும் ஒட்டி ஒரு ஒலிபெருக்கி. அவர் கையை அசைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மேளங்கள் தாமாக உறுமத் தொடங்குகின்றன.

மாயமந்திரம் இல்லை. கண்ணை மூடி, எதையும் மனக்கண்ணில் பார்க்காமல் அமைதியாக இருந்தால் மூளையில் ஆல்ஃபா என்ற மின்னலை எழும். ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. நொடிக்குச் சுமார் 8 முதல் 13 துடிப்பு. மனிதக் காதுக்கு நொடிக்குச் சுமார் 20 அதிர்வுக்குக் கீழே கேட்காது. ஆகவே அந்த அலையை அப்படியே கேட்க முடியாது. லூசியர் அதைப் பல மடங்கு பெருக்கி ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பினார். ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் துள்ளியது. அந்தத் துள்ளல் பக்கத்திலிருந்த மேளத் தோலை அதிர வைத்தது. கண்ணைத் திறந்தால் அலை அறுந்துபோகும், மேளமும் ஓய்ந்துபோகும். அந்தப் படைப்பின் பெயர் 'ஒற்றைக் கலைஞருக்கான இசை'. மூளையலையைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த முதல் படைப்பாக இன்று வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கான கருவிகளைக் கொடுத்து உதவியவர் அமெரிக்க விமானப் படையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த எட்மண்ட் டீவன் என்ற இயற்பியலாளர்.

நான் லூசியரைக் கேவலப்படுத்த வரவில்லை. அது நல்ல படைப்பு. ஒன்றுமே செய்யாமல் இருந்தால்தான் இசை வரும், செய்ய முயன்றால் நின்றுபோகும் என்ற அந்த முரண் யாரையும் யோசிக்க வைக்கும். ஆனால் ஒரு தலித் அந்தப் படைப்பின் முன்னால் நிற்கும்போது வேறு ஒன்றும் தெரிகிறது. தோலைத் தொடாமல் மேளம் அடிக்கணும் என்பது நம்ம நாட்டில் ஒரு சாதியின் மூவாயிரம் வருசத்துக் கனவாச்சே! நாதம் வேண்டும், தோல் வேண்டாம். தாளம் வேண்டும், தாளம் போட்டவன் திண்ணையில் ஏறக்கூடாது. சுத்தமான தலை ஒன்று உட்கார்ந்து நினைக்க, அழுக்கான தோல் எங்கேயோ தானாக அதிரும். லூசியருக்கு அப்படி ஒரு நினைப்பு இருந்திருக்காது. ஆனால் தலை தனி, கை தனி என்று பிரித்து, தலைக்கு மட்டும் பெயர் கொடுக்கும் ஏற்பாடு எங்கே போனாலும் நமக்கு அடையாளம் தெரிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் பாருங்கள். 'ஒற்றைக் கலைஞர்' என்று பெயர். ஆனால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர் எழுந்துபோய் எந்த ஒலிபெருக்கிக்கு எவ்வளவு சத்தம் என்று பார்க்க முடியாது. அதற்கு உதவியாளர் வேண்டும். முதல் நிகழ்ச்சியில் உதவியவர் ஜான் கேஜ். உலகம் அறிந்த இசைமேதை என்பதால் அந்த உதவியாளரின் பெயர் எல்லா வரலாற்றிலும் பதிவாகிவிட்டது. உதவியாளர் கேஜாக இருந்தால் பெயர் நிற்கும். செபாஸ்டியனாக இருந்தால்? அதற்குப் பிறகு வருகிறேன்.

2. செத்தவரின் ரத்தம்

லூசியர் 2021 டிசம்பரில் இறந்தார். கதை அத்தோடு முடியவில்லை. சாவதற்கு முன்னால், 2020இல், தன் ரத்தத்தை ஒரு கலைஞர் - விஞ்ஞானி குழுவுக்குக் கொடுத்திருந்தார். ரத்த அணுக்களைக் குருத்தணுக்களாக மாற்றி, அவற்றிலிருந்து மூளைத் திசுவைப் போன்ற சிறுசிறு உருண்டைகளை ஆய்வகத்தில் வளர்த்தார்கள். 2025இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், மேற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்த உருண்டைகளில் எழும் மின்துடிப்பு சுத்தியல்களை இயக்கும். சுத்தியல்கள் சுவரில் பொருத்திய வளைந்த பித்தளைத் தகடுகளை அடிக்கும். அரங்கின் சத்தமும் திரும்ப அந்த உருண்டைகளுக்கே மின்துடிப்பாகப் போகும்.

அது லூசியரின் மூளை இல்லை. அதற்கு நினைவு இல்லை, பயிற்சி இல்லை, அவர் கேட்ட ஒரு ராகமும் அதற்குத் தெரியாது. ஆனாலும் செத்த இசைஞர் மறுபடியும் படைக்கிறாரா என்று உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் கேட்டார்கள். கேட்கட்டும், நல்ல கேள்விதான். நான் கேட்பது இதுதான்: கண்ணாடித் தட்டில் கிடக்கிற ஒரு துளித் திசுவைப் பார்த்து 'இது படைப்பாளியா?' என்று மரியாதையோடு யோசிக்க முடிகிற உலகத்துக்கு, உயிரோடு எதிரில் நின்று அடிக்கிறவனைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்க ஏன் வாய் வரவில்லை?

3. மருள் ஏறுவது யாருக்கு?

மேளத்தையும் மூளையையும் இணைத்து மேற்கில் நடந்த ஆராய்ச்சிகளுக்கு இன்னொரு முகம் உண்டு. ஆண்ட்ரூ நெஹர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1960களின் தொடக்கத்தில் ஆய்வகத்தில் சாதாரண ஆட்களை உட்கார வைத்து, நொடிக்கு 3, 4, 6, 8 என்று சீராக மேளம் அடித்து, மண்டையில் மின்னலையைப் பதிந்தார். மேளத்தின் வேகத்துக்கு மூளையலையும் இசைந்து எழுவதாக முடிவு சொன்னார். 1962இல் வந்த அவருடைய அடுத்த கட்டுரை, மேளம் அடிக்கிற சடங்குகளில் மனிதர்கள் நிலைமறந்து நடந்துகொள்வதற்கு உடலியல் விளக்கம் இதுதான் என்றது.

பார்ப்பதற்கு விஞ்ஞானம். உள்ளே இருப்பது பழைய காலனியச் சரக்கு. காட்டுமிராண்டி, மேளம், வெறி. மேளச்சத்தம் விசையைப் போல அமுக்கும், கறுப்பு உடம்பு தன்னால் ஆடும். யோசனைக்கு அங்கே இடமே இல்லை.

பிரெஞ்சு இசை இனவியலாளர் ழில்பேர் ரூழே 1980இல் வெளியிட்ட நூலில் இதை உடைத்துப் போட்டார். மேளம் அடிப்பதே நிலைமறக்கப் போதும் என்றால் ஆப்பிரிக்காவில் பாதிப் பேர் வருசம் முழுக்க நிலைமறந்தே கிடக்க வேண்டுமே என்று கேலி செய்தார். சத்தம் தனியாக எதையும் செய்வதில்லை. இந்த அடிக்கு இந்தச் சாமி, இந்தச் சாமிக்கு இந்த ஆள் என்று ஒரு சமூகம் வகுத்து வைத்திருக்கிற பொருள்தான் சத்தத்தோடு சேர்ந்து வேலை செய்கிறது என்பது அவருடைய வாதம்.

இதற்குப் பாரிஸ் வரைக்கும் போகணுமா? நம்ம பறைக்காரரைக் கேட்டிருந்தா திண்ணையில வச்சே சொல்லியிருப்பாரு. பறையில் மருள் அடி என்று ஒன்று உண்டு. சாமியாடிக்கு அருள் வரவழைக்கிற அடி. அந்த அடிக்கு மருள் ஏறுவது மருளாடிக்கு. கூட்டத்தில் நிற்கிற எல்லோருக்கும் ஏறுவதில்லை. அடிக்கிறவனுக்கோ ஏறவே கூடாது. அவன் மருளாடியின் கண்ணைப் பார்க்கிறான், காலைப் பார்க்கிறான், மூச்சைப் பார்க்கிறான். எப்போது வேகம் கூட்டுவது, எங்கே சட்டென்று நிறுத்துவது, எந்த இடத்தில் அடியை மாற்றி ஆளை இறக்குவது என்று கணக்குப் போட்டபடி நிற்கிறான். ஊரே மயங்கி நிற்கும்போது முழு விழிப்போடு இருக்கிற ஒரே ஆள் அவன்தான். அவனைத்தான் 'வெறியோடு அடிக்கிறான்' என்று எழுதுகிறார்கள்!

4. காதுக்குள் ஒரு பறை

இனி இன்றைய மூளை அறிவியலைப் பார்ப்போம். அது நமக்கு எதிரி இல்லை. சரியாகப் படித்தால் அது நம் பக்கம் நிற்கிறது.

2007இல் ஜெசிகா கிரான், மாத்யூ பிரெட் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு: தாளத்தைக் கேட்கும்போது, உடம்பை அசைக்காமல் சும்மா கிடந்தாலும், அசைவை ஆளுகிற மூளைப் பகுதிகள் வேலை செய்கின்றன. அதாவது தாளத்தைக் கேட்பது என்பதே உள்ளுக்குள் அடிப்பதுதான். தலை வேறு கை வேறு என்ற பிரிவினை மூளைக்குள்ளேயே செல்லுபடியாகவில்லை. மனு வகுத்த கோட்டை நரம்பு மதிக்கவில்லை தோழர்களே.

2009இல் இஸ்த்வான் விங்க்ளர், ஹென்கியான் ஹோனிங் குழுவினர் வெளியிட்ட ஆய்வு: பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகளுக்குத் தூக்கத்தில் மேளத் தாளத்தைக் கேட்க வைத்தார்கள். நடுவில், முக்கியமான முதல் அடியை மட்டும் விட்டுவிட்டார்கள். குழந்தையின் மூளையலை திடுக்கிட்டது. இந்த இடத்தில் அடி வரணுமே, வரலையே என்று அந்தப் பச்சை மூளை கவனித்திருக்கிறது. எந்தத் தெருவில் பிறந்த குழந்தை என்று அந்தக் கருவி கேட்கவில்லை.

மூன்றாவது ஆய்வுதான் எனக்கு முக்கியம். எரின் ஹானன், சாண்ட்ரா டிரஹப் இருவரும் 2005இல் வெளியிட்டது. வட அமெரிக்காவில் வளரும் ஆறு மாதக் குழந்தைகள் தங்கள் ஊர்த் தாளத்தில் பிசகு வந்தாலும் கண்டுகொள்கின்றன, கேட்டே பழகாத பால்கன் நாட்டு ஒழுங்கற்ற தாளத்தில் பிசகு வந்தாலும் கண்டுகொள்கின்றன. பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறன் குறுகிவிடுகிறது. தங்கள் ஊர்த் தாளம்தான் பிடிபடுகிறது. பேச்சு வருவதற்கு முன்னாலேயே ஊர் வந்து காதுக்குள் உட்கார்ந்துவிடுகிறது.

இப்போது நம்ம ஊருக்கு வாருங்கள். தெருவில் பறைச்சத்தம் கேட்டதும் கதவைச் சாத்துகிற வீட்டில் ஒரு குழந்தை வளர்கிறது. அந்தச் சத்தம் என்றால் பிணம், அந்தச் சத்தம் என்றால் தீட்டு, அந்தச் சத்தம் என்றால் 'அவங்க' என்று அதற்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கதவு சாத்துகிற சத்தமே பாடம். இருபது வருடம் கழித்து அதே பிள்ளை, 'எனக்கென்னமோ சின்ன வயசுலேர்ந்தே அந்தச் சத்தம் ஒத்துக்காது, ராவா இருக்கு' என்று ரசனையைப் போலச் சொல்லும். அது ரசனை இல்லை. நரம்பில் ஏறிய சாதி. சாதியின் இருப்பிடம் மனம் என்று அம்பேத்கர் 1936லேயே காட்டிவிட்டார். தாள ஆய்வு அதற்கு ஒரு வாசலைக் காட்டுகிறது: காது.

தமிழ் இதில் ஒரு வேடிக்கை பண்ணி வைத்திருக்கிறது. காதுக்குள் அதிர்கிற அந்தச் சவ்வுக்குத் தமிழில் என்ன பெயர்? செவிப்பறை. பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிற சொல். வேதம் கேட்கிறவனும் அந்தப் பறை வழியாகத்தான் கேட்கிறான். தியாகராஜர் கீர்த்தனையும் அந்தப் பறையைத் தொட்டுவிட்டுத்தான் மூளைக்குப் போகிறது. ஊருக்கு வெளியே வைத்த பறையை உடம்புக்குள்ளிருந்து எப்படி ஐயா வெளியே வைப்பீங்க?

5. தடை போட்டவனுக்குத் தெரியும்

மேளத்துக்குப் பின்னால் ஒரு மூளை இருக்கிறது என்பது ரசிகர்களுக்குத் தெரியாமல் போகலாம். ஆண்டைகளுக்கு எப்போதும் தெரியும்.

1739 செப்டம்பரில் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில், அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பு மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மேளம் அடித்துக்கொண்டு நடந்தார்கள். மேளச்சத்தம் கேட்டு மேலும் ஆட்கள் சேர்ந்தார்கள். கிளர்ச்சி ரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. மறு வருடம், 1740இல், வெள்ளையர்கள் கொண்டுவந்த சட்டம் அடிமைகள் மேளமும் கொம்பும் வைத்திருப்பதற்கே தடை போட்டது. மூளை இல்லாதவன் கையிலிருக்கிற கருவிக்கு எதுக்குடா சட்டம்? அந்த மேளம் பேசுது, கூப்பிடுது, ஆள் சேர்க்குது என்று தெரிந்ததனால்தானே!

அந்த மக்களின் வழியில் வந்த ஒருவரைப் பற்றி நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். மில்ஃபோர்ட் கிரேவ்ஸ். 1941இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் பிறந்த கறுப்பர். தனியாக மேளத்தை மட்டும் வைத்து இசைத்தட்டு வெளியிட்டவர். 1998இல் ஒன்று, 2000இல் ஒன்று. மருத்துவ மாணவர்களுக்காக வெளியிட்ட இதய ஒலி இசைத்தட்டு ஒன்றைக் கேட்டு, அதில் ஆப்பிரிக்க, கியூப மேளங்களின் தாளம் இருப்பதாக உணர்ந்தார். அதிலிருந்து பல பத்தாண்டுகள் தன் வீட்டின் கீழ்த்தளத்திலேயே ஆய்வகம் அமைத்து, மனிதர்களின் இதயத் துடிப்பைப் பதிந்து, கணினியில் ஏற்றி, அதற்குள் இருக்கிற சுரங்களைப் பிரித்துக் கேட்டார். உயிருள்ள இதயம் கடிகாரத்தைப் போலச் சீராக அடிப்பதில்லை, ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கிறது, ஆகவே இயந்திரத் தாளம் உயிருக்கு விரோதம் என்பது அவர் கட்சி. செவியில் விழுகிற அதிர்வு நரம்பு வழியாக உடம்பு முழுக்கப் போகிறது என்பதை அவர் மேளமடித்தே ஆராய்ந்தார். 1973 முதல் 2012 வரை பென்னிங்டன் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். 2021 பிப்ரவரியில் இதய நோயாலேயே இறந்தார்.

லூசியரையும் கிரேவ்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் தலையிலிருந்து மேளத்துக்குக் கம்பி இழுத்தார், நடுவில் கை இல்லை. இன்னொருவர் கையால் அடித்துக்கொண்டே உடம்புக்குள் போனார், கையும் தலையும் ஒன்று என்றார். ஆராய்ச்சியாளனும் அவரே, மேளக்காரனும் அவரே, தேவைப்பட்டால் ஆராயப்படும் உடம்பும் அவருடையதே. 'நான் அடிக்கிறேன், நீ வந்து ஆராய்ச்சி பண்ணு' என்று அவர் யாருக்கும் காத்திருக்கவில்லை. நமக்கு வேண்டிய முன்மாதிரி இவர்.

6. ராமனும் செபாஸ்டியனும்

லூசியர் பிறகு 2011 வரை வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். அதே பல்கலைக்கழகத்தில்தான் 1960களில் தஞ்சாவூர் பாலசரஸ்வதியின் தம்பி ரங்கநாதன் மிருதங்கம் கற்பிக்கத் தொடங்கினார். மிருதங்கம் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. மூட்டுப் போட்டவர் பெயர் சேர்ந்ததா?

மிருதங்கத்தின் வலது பக்கத்தில் நடுவில் இருக்கிற கறுப்புச் சோற்றைப் பற்றி சி.வி. ராமன் 1920இலும் 1934இலும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டார். சாதாரண மேளத்தில் எழும் அதிர்வுகள் ஒன்றோடொன்று இசையாமல் இரைச்சலாகும். மிருதங்கத்தில் அந்தச் சோறு தோலின் எடையை நடுவில் கூட்டுவதால், அதிர்வுகள் தந்திக் கருவியில் வருவதைப் போல இசைந்து வருகின்றன. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் இப்படிப்பட்ட அறிவு யாருடைய கணக்கில் எழுதப்பட்டது? 1922இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'பண்டைய இந்துக்களின் ஒலியியல் அறிவு' என்று பொருள்படும்.

கிட்டக்கல்லைப் பொடித்து, சோற்றோடு பிசைந்து, பூச்சின் மேல் பூச்சாக வைத்து, ஒவ்வொரு பூச்சையும் கல்லால் தேய்த்து, காதை வைத்துக் கேட்டுக் கேட்டு, போதும் என்று முடிவு செய்தது எந்தப் பண்டைய இந்து? மாட்டுத்தோலை ஊறப்போட்டு, மயிர் களைந்து, நாற்றத்தில் உட்கார்ந்து அளவெடுத்து வெட்டியது எந்த ரிஷி? அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருபவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் 2020இல் வந்தது. வெளியீட்டு விழாவுக்கு இடம் கொடுத்திருந்த கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. மிருதங்கம் உள்ளே போகலாம். மிருதங்கத்தைச் செய்தவனின் கதை உள்ளே போகக்கூடாது. பசுத்தோல் என்ற சொல் மண்டபத்துக்குள் கேட்கக்கூடாது. பசுத்தோலின் நாதம் மட்டும் கேட்கலாம். அந்த நூலையும் நம்ம ஆள் எழுதவில்லை, ஒரு பார்ப்பன வித்வான்தான் எழுத வேண்டியிருந்தது என்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது.

7. ரத்தத்தில் இருக்கிறதாம்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரியில் இசையும் மூளையும் பற்றிய கருத்தரங்கு. பேச்சாளர் திரையில் மூளைப் படங்களைக் காட்டினார். செவ்வகம், நீலம், மஞ்சள் என்று வண்ண வண்ணமாகப் படம். நடுவில் செய்முறை விளக்கம் வேண்டும் என்று எங்கள் சித்தப்பாவை அழைத்திருந்தார்கள். முப்பது வருசமாகப் பறையடிக்கிறவர். வெளியே மரத்தடியில் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சி, விண்ணென்று ஏற்றிக்கொண்டு உள்ளே வந்து ஐந்து நிமிடம் அடித்தார். கைதட்டல் ஓய்ந்ததும் ஒரு மாணவி எழுந்து அவரைப் பார்த்து, 'அய்யா, அடிக்கும்போது என்ன நினைப்பீங்க?' என்று கேட்டாள். நல்ல பிள்ளை. சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் பேச்சாளர் முந்திக்கொண்டார். 'இவங்கல்லாம் நினைச்சு அடிக்கிறதில்லம்மா. அது இவங்க ரத்தத்துலயே இருக்கு.' அவையில் மறுபடியும் கைதட்டல்.

பேருந்தில் திரும்பி வரும்போது சித்தப்பா சொன்னார்: 'ரத்தத்துல இருந்தா நான் எதுக்குடா எங்கப்பன்கிட்ட அத்தன ஒதை வாங்கிக் கத்துக்கிட்டேன்?'

பிறகு நான் கேட்டேன், அவர் சொன்னார். வலது கையில் அடிக்குச்சி, இடது கையில் சிண்டுக்குச்சி, இரண்டுக்கும் இரண்டு வேலை. சிண்டு நடையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும், அடி அதற்குள் புகுந்து புகுந்து வெளியே வர வேண்டும். தோல் சூடு இறங்குகிறதா என்று காது பார்த்துக்கொண்டே இருக்கும். ஜோடி ஆள் கை தளர்ந்தால் அவன் அடியையும் தன் அடிக்குள் தூக்கிக்கொள்ள வேண்டும். சாவு வீட்டில் யார் அழுது ஓய்ந்தார்கள், யார் இன்னும் அழவில்லை, எந்த மகன் குடித்துவிட்டுத் தகராறுக்கு நிற்கிறான் என்று கண் பார்க்கும். பாடை தெரு முக்குத் திரும்பும்போது அடி மாறணும். 'அழாம எறுகிப்போயி நிக்கிற பொம்பளைய அழ வைக்கிறதுக்குன்னே ஒரு அடி இருக்குடா. அழுதுட்டா அவ பொழச்சுக்குவா.' இதை மன நல மருத்துவர் சொன்னால் சிகிச்சை. எங்க சித்தப்பா சொன்னால் ரத்தம்.

பெர்த் நகரத்தில் ஒரு வெள்ளைக்காரரின் ரத்தத்தை எடுத்து மூளையாக்கினார்கள். இங்கே உயிரோடு இருக்கிற மனுசனின் மூளையை எடுத்து ரத்தமாக்குகிறார்கள். இதுதான் நான் சொல்ல வந்த முழு விசயமும்.

8. அடிப்பதும் மறுப்பதும்

நம் தோழர்கள் சிலர் கேட்பார்கள்: பறையே அடிமைச் சின்னம், அதைத் தூக்கிப் போடுவதை விட்டுவிட்டு அதற்கு மூளை உண்டு என்று வக்காலத்து வாங்குகிறாயே? இந்தக் கேள்விக்கு நான் தலைவணங்குகிறேன். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொல்லி ஊர்க்கட்டுப்பாட்டைத் தாங்கியவர்கள், அடி உதை பட்டவர்கள், பறையைக் கொளுத்தியவர்கள் நம் பெரியவர்கள். அவர்கள் கலையை அழித்ததாக இன்று எவனாவது சொன்னால், அவன் வாயைக் கழுவிவிட்டு வரட்டும். கூலியில்லாமல் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவது 1989ஆம் வருடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம்.

1990களில் நம் இயக்கங்கள் பறையைச் சாவுக்கூலியிலிருந்து பிரித்து மேடைக்கும் போராட்டத்துக்கும் கொண்டுவந்தன. நம் தெருவிலேயே பெண்களுக்கு மறுக்கப்பட்ட பறையைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் கையில் எடுத்தார்கள். 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 'தமிழரின் ஆதி இசைக்கருவி' என்று இப்போது எல்லாச் சாதிக்காரரும் பறையைச் சொந்தம் கொண்டாடுகிறார்கள். கொண்டாடுங்க சாமி. பறையைத் தமிழாக்கிவிட்டு, பறையரை மட்டும் சேரியாகவே வைத்திருப்பதுதான் உதைக்குது.

என் பதில் இது. அடிப்பதற்கும் மூளை வேண்டும், மறுப்பதற்கும் மூளை வேண்டும். இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான். ஊர்ச் சாவுக்கு அடித்துக்கொண்டிருந்தவன் ஒருநாள் குச்சியைக் கீழே போட்டானே, அந்த முடிவை அவன் கையா எடுத்தது? ரத்தமா எடுத்தது? விட்டுப்போன அடியைப் பிறந்த குழந்தையின் மூளைகூடக் கண்டுகொள்கிறது. ஊர் கண்டுகொள்ளாதா? அன்றைக்கு எழாத சத்தம்தான் ஊரின் காதில் மிகச் சத்தமாக விழுந்தது.

ஆகவே, இந்த இதழைப் படிக்கிற மாணவர்களிடம் கேட்கிறேன். உங்கள் அப்பாவிடம், தாத்தாவிடம், சித்தப்பாவிடம் அடிகளின் பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வராதீர்கள். ஒவ்வொரு அடியையும் எப்போது, யாரைப் பார்த்து, எதற்காக மாற்றினார் என்று கேளுங்கள். அவர் எதை அடிக்க மறுத்தார் என்றும் கேளுங்கள். அதை அவர் பெயரிலேயே எழுதுங்கள். மூளையை ஆராயப் படிக்கிற நம் பிள்ளைகள் யாராவது இருந்தால், மின்முனையைக் கேட்பவர் மண்டையில் ஒட்டுவதற்கு முன்னால் அடிப்பவரிடம் உட்கார்ந்து பேசட்டும். கட்டுரையில் அவர் பெயர் நன்றியுரையில் வரக்கூடாது. ஆசிரியர் பெயர் இருக்கிற இடத்தில் வரணும். கருத்தரங்குக்குக் கூப்பிட்டால் அடிப்பதற்கு ஐந்து நிமிடம் என்றால், பேசுவதற்கு ஐம்பது நிமிடம் கொடு என்று கேட்கச் சொல்லுங்கள். கொடுக்கவில்லையென்றால் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.